ஈயச்சொம்பும் பிளாஸ்டர் தவளையும்

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் பேசிக் கொண்டிருந்தேன். பேரன் என்ன செய்கிறான் என்று கேட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து ரப்பர் மாதிரி ஒரு தவளை வார்த்திருக்கிறோம், விரால் பிடிக்க, என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏல, கல்கத்தாவுல மண்புழு கெடைக்கலியோ?" என்றார்.

மண்புழு கிடைக்கும். தாமிரபரணிக் கரையில் அறுபது வருஷம் தூண்டில் போட்டவருக்கு, தவளைக்கு அச்சு எடுத்து வார்ப்பது வெட்டி வேலையாகத்தான் தெரியும். ஆனால் இந்த வெட்டி வேலையில் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டாகி விட்டன. அதில் ஒன்று கொஞ்சம் கடுமையானது. அது நான் செய்த ஒரு முட்டாள்தனத்தில் இருந்து வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் கதைச் சுருக்கம். நாங்கள் இருப்பது கொல்கத்தாவில். ஆபீஸ் சால்ட் லேக்கில். பையனுக்கு 12 வயது. பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஒரு வங்காளப் பெரியவர் இருக்கிறார். நான் அவரை 'தாதா' என்பேன், பையன் 'ஜேட்டு' என்பான். இங்கே பெரியப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தாதா ஒரு தூண்டில் பைத்தியம். இங்கே குளத்துக்காரருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, டிக்கெட் வாங்கி, காலையில் இருந்து சாயங்காலம் வரை குளக்கரையில் குடை பிடித்துக் கொண்டு உட்காருவார்கள். ரோகு, கட்லாவுக்கு முசுறு எறும்பின் முட்டை வரைக்கும் இரையாகப் போடுவார்கள். நம்ம ஊர் டீக்கடை அரசியல் மாதிரி இங்கே தூண்டில் இரையைப் பற்றி மணிக்கணக்காகச் சண்டை நடக்கும்.

பையனுக்குப் பிடித்துப் போனது ரோகு இல்லை, ஷோல். அதாவது நம்ம விரால். (வங்காளிகள் உயிரையே கொடுக்கும் பேட்கி நம்ம கொடுவாதான் என்பது எனக்கே இங்கே வந்து ஆறு மாசம் கழித்துத்தான் தெரியும்!) விரால் வேட்டை மீன். ஓடுவதைத் துரத்திப் பிடிக்கும். அதற்கு ஊரில் என்ன செய்வோம்? உயிருள்ள தவளையைப் பிடித்து முள்ளில் குத்திப் போடுவோம். நானும் செய்திருக்கிறேன். பையனிடம் அதைச் சொன்னபோது அவன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

அவன் பார்வை ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய பச்சைத் தவளை 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. தவளைக்கால் ஏற்றுமதியை 1987-ல் இந்தியா நிறுத்தியது. வயலில் பூச்சியைத் தின்கிற பிராணி அது. பொம்மைத் தவளையைப் போட்டாலும் விரால் பாயும் என்றால் உயிர்த்தவளை எதற்கு? இந்தப் பொய் இரையைத்தான் 'லூர்' என்கிறார்கள். கடையில் வாங்கினோம். ரெண்டு தடவை செடியில் மாட்டி அறுந்து போனது. "அப்பா, இதை நாமே செஞ்சா என்ன?" என்றான் பையன். ஆரம்பித்தது அப்படித்தான்.

வேலை எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது ஜிப்சம் கல்லைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சூடு பண்ணி, உள்ளே இருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கை ஓட்டி விட்ட பொடி. திரும்பத் தண்ணீர் ஊற்றினால், போன தண்ணீரைப் பிடித்துக் கொண்டு மறுபடி கல்லாகி விடும். மேஜிக் எல்லாம் அவ்வளவுதான். அளவால் ரெண்டு பங்கு பொடிக்கு ஒரு பங்கு தண்ணீர். முக்கியமான விஷயம், தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும். பொடியில் தண்ணீரை ஊற்றினால் கோதுமை மாவு மாதிரி கட்டி தட்டும். தூவி விட்டு ஒன்றிரண்டு நிமிஷம் அப்படியே ஊற விட வேண்டும். அப்புறம் மெதுவாக, காற்று உள்ளே போகாமல் கலக்க வேண்டும். தோசை மாவுப் பதம் வந்ததும் ஊற்றி விட வேண்டும். தாமதித்தால் பாத்திரத்திலேயே இறுகி விடும்.

தவளைக்கு ரெண்டு பாதி அச்சு வேண்டும். அட்டைப் பெட்டியில் பாதி உயரத்துக்குக் காயாத களிமண்ணை (பிள்ளைகள் பள்ளிக்கு வாங்குவோமே, அதுதான்) நிரப்பி, தவளை உருவத்தைப் பாதி புதைக்க வேண்டும். நாலு மூலையிலும் கோலிக்குண்டை அழுத்திக் குழி போட வேண்டும். ரெண்டு பாதியும் பின்னால் சரியாகப் பொருந்த அந்தக் குழிதான் அடையாளம். மேலே பிளாஸ்டரை ஊற்ற வேண்டும். அரை மணி நேரத்தில் இறுகும். அப்போது கை வைத்துப் பார்த்தால் வெதுவெது என்று இருக்கும். புரட்டிப் போட்டு, களிமண்ணை எடுத்து விட்டு, பிளாஸ்டர் முகம் முழுக்க வாசலைன் தடவி, மறுபாதியை ஊற்ற வேண்டும். வாசலைன் தடவ மறந்தால் ரெண்டு பாதியும் ஒரே கல்லாகி, தவளை உள்ளேயே சமாதி. எங்கள் முதல் தவளை இப்போதும் அப்படி ஒரு கல்லுக்குள்தான் இருக்கிறது :-)

பிரித்த பிறகு, ஊற்ற ஒரு வாய்க்காலும், காற்று வெளியேற மெல்லிய கீறல்களும் கத்தியால் செதுக்க வேண்டும். அப்புறம் காய வைக்க வேண்டும். கொல்கத்தா மழைக்காலத்தில் எதுவும் காயாது. அவசரப்பட்டு ஓவனில் 150 டிகிரியில் வைத்தேன். அச்சு சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிர்ந்தது. யோசித்துப் பார்த்தால், அந்தச் சூட்டில்தானே பிளாஸ்டரையே தயாரிக்கிறார்கள்! கல்லை மறுபடி பொடியாக்கும் வேலையைத்தான் செய்திருக்கிறேன். ஃபேன் அடியில் நாலைந்து நாள் வைப்பதுதான் வழி. தூக்கிப் பார்த்தால் எடை குறைந்திருக்க வேண்டும், கன்னத்தில் வைத்தால் ஜில் என்று இருக்கக் கூடாது.

கல்கத்தாவில் இருந்து கொண்டு அச்சு வேலை செய்கிறவன் குமார்துலிக்குப் போகாமல் இருப்பானா? துர்க்கை சிலை செய்கிற தெரு. அங்கே முகங்களை அச்சில் களிமண்ணை அழுத்தி எடுக்கிறார்கள். ஒரு கைவினைஞரிடம் என் பிளாஸ்டர் அச்சைக் காட்டினேன். ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து விட்டு, உள்நோக்கி வளைந்த இடம் இருந்தால் உருவம் வெளியே வராது, காலைக் கொஞ்சம் தடியாக்கு என்றார். இன்னொன்றும் சொன்னார். களிமண் வேலைக்குப் பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்க வேண்டும், அப்போதுதான் மண் சுருங்கிக் கழன்று வரும். ரப்பர் மாதிரி எதையாவது ஊற்றுவதானால் குடிக்கவே கூடாது, அதன் வாயை அடைத்து விடு. வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து ரெண்டு மூன்று பூச்சு பூசிக் காய வைத்தோம். அதற்கப்புறம்தான் தவளைக்குத் தோல் மாதிரி ஒரு பளபளப்பு வந்தது.

இது வரைக்கும் எல்லாம் சுகம். இனிமேல்தான் விஷயம்.

தவளை தண்ணீரில் மிதக்கும். தொலைவுக்கு வீசுவதற்கும், அடியில் ஓடும் மீனுக்கும் தலையில் எடை வேண்டும். இணையத்தில் ஒரு வீடியோ பார்த்தேன். பிளாஸ்டர் அச்சிலேயே ஈயத்தை உருக்கி ஊற்றித் தூண்டில் குண்டு செய்கிறார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகி விடும், கேஸ் அடுப்பு போதும். தாதாவிடம் பழைய குண்டுகள் அரைக் கிலோ இருந்தன. கேட்டு வாங்கி வந்தேன். ஒரு பழைய இரும்புக் கரண்டி, சமையலறை அடுப்பு, புது அச்சு. பையன் பக்கத்தில். மனைவி கடைக்குப் போயிருந்தாள்.

அச்சு காய்ந்து விட்டது என்றுதான் நினைத்தேன். காயவில்லை. ஈயம் உள்ளே போனதும் உள்ளிருந்த ஈரம் ஒரே நொடியில் ஆவியானது. 'டப்' என்று ஒரு சத்தம். உருகிய ஈயம் வாய்க்கால் வழியாகத் திரும்பி மேலே பீறிட்டது. ஒரு துளி என் புறங்கையில். ரெண்டு மூன்று துளி தரையில், பையன் நின்ற இடத்துக்கு ஒரு முழ தூரத்தில். அவன் உயரத்துக்கு அது எங்கே பட்டிருக்கும் என்று கணக்குப் போட எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. கண்ணாடி கூடப் போடச் சொல்லவில்லை அவனை.

மனைவி வந்தாள். கையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. "என்னங்க, இந்த அடுப்புலதானே ராத்திரிக்கு சமைக்கணும்?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். முன்னாடியே படித்திருக்க வேண்டியது. உருக்கும்போது வரும் புகையை விட, மேலே சாம்பல் மாதிரி படிகிற ஆடையும் அது உதிர்ந்த தூசியும்தான் வீட்டில் பெரிய ஆபத்து. அது மேடையில், தரையில், துணியில் ஒட்டும். கையில் இருந்து வாய்க்குப் போகும். குழந்தைகளின் உடம்பு பெரியவர்களை விட அதிகமாக ஈயத்தை இழுத்துக் கொள்ளும், அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குழந்தைகளுக்கு இவ்வளவு வரைக்கும் ஈயம் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையில், உலகத்தில் சுமார் 80 கோடி குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாகக் கணக்கு சொன்னார்கள். மூன்றில் ஒரு குழந்தை.

மறுநாளே பையனுக்கு ரத்தப் பரிசோதனை. ரிசல்ட் வர ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் அவன் கணக்குப் பாடத்தில் ஒரு தப்பு போட்டால் கூட எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 1.9 என்று வந்தது. டாக்டர், பயப்பட வேண்டாம், ஆனால் மறுபடி இந்த வேலை வேண்டாம் என்றார். வீட்டை ஈரத் துணியால் மூன்று தடவை துடைத்தோம். கரண்டி குப்பைக்குப் போனது. மீதி ஈயத்தைத் தாதாவிடமே கொடுத்து விட்டேன்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: பிளாஸ்டர் அச்சை வீட்டில் செய்யுங்கள், பிள்ளைகளோடு செய்யுங்கள், ஈயத்தை மட்டும் வீட்டுக்குள் உருக்காதீர்கள். பால்கனியிலும் வேண்டாம், மொட்டை மாடியிலும் வேண்டாம். "அச்சு நன்றாகக் காய்ந்திருந்தால் பிரச்சினை இல்லை" என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. காய்ந்த அச்சு வெடிக்காது, சரி. தூசி?

இதைச் சொன்னதும் இங்கே லேக் மார்க்கெட் பக்கம் இருக்கிற நம்ம ஊர் நண்பர் ஒருவர் மடக்கினார். "ஓய், நம்ம வீட்டில் தலைமுறை தலைமுறையா ஈயச்சொம்பில்தான் ரசம். யாருக்கு என்ன ஆச்சு?"

நியாயமான கேள்வி. நம்மில் நிறையப் பேர் இதில் குழம்புகிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு 'ஈயம் பூசுறது' என்று தெருவில் கூவி வந்தவர்கள் பூசியதும் வெள்ளீயம். தூண்டில் குண்டிலும் வீச்சுவலையிலும் இருப்பது காரீயம். ரெண்டும் வேறு வேறு உலோகம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-ல். முதலாவது ரசத்துக்கு ஆகும், ரெண்டாவது ரத்தத்துக்கு ஆகாது. பேச்சில் ரெண்டையும் 'ஈயம்' என்று சொல்லிச் சொல்லி, நல்லதன் பேரில் கெட்டதும் வீட்டுக்குள் வந்து விடுகிறது. அதனால்தான் ஈயச்சொம்பு வாங்கும்போது கூட, காரீயம் கலக்காத சுத்தமான வெள்ளீயம்தானா என்று விசாரித்து, நம்பகமான இடத்தில் வாங்குங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆட்சேபம் என் அப்பாவுடையது. "நாங்க வலைக் குண்டைப் பல்லால கடிச்சுல்லா இறுக்குனோம்?" ஆமாம், நானும் கடித்திருக்கிறேன். கடித்ததால் எனக்கு என்ன போனது என்று எனக்குத் தெரியப் போவதில்லை. இது காய்ச்சல் மாதிரி காட்டிக் கொடுக்கிற வியாதி இல்லை. கொஞ்சம் கவனக் குறைவு, கொஞ்சம் மார்க் குறைவு என்று போய்விடும், யாரும் ஈயத்தைச் சந்தேகிக்க மாட்டோம். இந்தியாவில் 2000-ல் பெட்ரோலில் இருந்து ஈயத்தை எடுத்தார்கள். 2016-ல் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். பிரிட்டனில் அன்னங்கள் செத்துப் போகின்றன என்று 1987-லேயே பெரும்பாலான ஈயத் தூண்டில் குண்டுகளுக்குத் தடை விதித்து விட்டார்கள். ஊர் உலகமே வாசலுக்கு வெளியே தள்ளுகிற சாமானை நான் சமையலறைக்குள் கொண்டு வந்தேன் பாருங்கள், அதுதான் வலிக்கிறது.

எடைக்கு இப்போது என்ன செய்கிறோம்? ஹார்டுவேர் கடையில் சின்ன இரும்பு நட்டு வாங்கித் தங்கூசியில் கோர்க்கிறோம். துருப்பிடித்தால் பிடிக்கட்டும், ரெண்டு ரூபாய்தான். வீசும் தூரம் கொஞ்சம் குறைகிறது. குறைந்து விட்டுப் போகட்டும்.

ஈயத்தைத் திட்டி விட்டு மற்றதெல்லாம் பால் மாதிரி என்று சொல்ல மாட்டேன். தவளைக்கு ஊற்றும் பிளாஸ்டிசால் பிவிசி சமாச்சாரம். பால் மாதிரி இருக்கும் திரவம் 175 டிகிரிப் பக்கம் கண்ணாடி மாதிரி தெளிந்து இளகும். அதிகம் சூடானால் கருகி, மூக்கையும் கண்ணையும் எரிக்கும் புகை வரும். அதற்குத் தனிப் பாத்திரம், தனி மின் அடுப்பு, திறந்த இடம், முழுக்கை, கண்ணாடி. ஊற்றுவது பெரியவர் மட்டும். ஈரமான அச்சு இதிலும் குமிழி விட்டுத் தெறிக்கும். பிளாஸ்டரையும் குறைத்து எடை போடக் கூடாது. 2007-ல் இங்கிலாந்தில் ஒரு 16 வயதுப் பெண் பள்ளியில் கையை அச்சு எடுக்க வாளி நிறையப் பிளாஸ்டரில் ரெண்டு கையையும் வைத்தாள். இறுகும்போது வந்த சூட்டில் வெந்து, பெரும்பாலான விரல்களை எடுக்க வேண்டியதாகி விட்டது. கோலிக்குண்டு அளவு வேலையில் வெதுவெதுப்பு, வாளி அளவில் அடுப்பு. பிள்ளை பிளாஸ்டருக்குள் கை விடக் கூடாது, அவ்வளவுதான். மீதிப் பிளாஸ்டரை சிங்க்கில் ஊற்றாதீர்கள். ஊற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் கீழ் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

ரொம்பச் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பிளாஸ்டிசாலும் வேண்டாம். அகர் அகர் என்று விற்கும் கடல்பாசி போதும். காய்ச்சி ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் ஜெல்லித் தவளை வரும். மீன் பிடிக்காது. ஆனால் அச்சு என்றால் என்ன, உள்ளே பள்ளமாக இருப்பது வெளியே மேடாக வருவது எப்படி என்று பிள்ளைக்குப் புரியும். அதுதானே வேண்டும்?

"கடையில் கிடைப்பதை எதற்கு மெனக்கெட்டுச் செய்ய வேண்டும், காசு மிச்சமா?" என்று கேட்டால், இல்லை. பிளாஸ்டர், பசை, பிளாஸ்டிசால், வீணான அச்சுகள் எல்லாம் சேர்த்தால் கடைத் தவளை பத்து வாங்கியிருக்கலாம். காசை மிச்சம் பிடிக்கச் செய்தால்தான் ஆபத்தே. என் ஈய யோசனையும் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வந்ததுதான்.

நான் செய்வதற்குக் காரணம் வேறு. நம்மைப் போல ஊர் விட்டு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஆறு கிடையாது, தாத்தாவின் தோட்டம் கிடையாது. கையால் செய்கிற வேலை எதுவும் பக்கத்தில் நடப்பதில்லை. எல்லாம் டெலிவரி பையன் கொண்டு வருகிறான். என் அப்பா எனக்கு முள் கட்டக் கற்றுக் கொடுத்தார். நான் என் பையனுக்கு எக்செல் கற்றுக் கொடுத்தேன். அது போதாது என்று எனக்கே தெரியும். அச்சு வேலையில் அவனுக்குப் பொறுமை வந்தது. நாலு நாள் காய விடுவது பன்னிரண்டு வயதுக்குச் சாதாரண விஷயமா? ஆனால் கைவேலை கற்றுக் கொடுக்கிறேன் பேர்வழி என்று, அந்தக் காலத்து அறியாமையையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. அப்பாவிடம் இருந்து தூண்டிலை எடுத்துக் கொண்டேன். குண்டைக் கடிக்கிற பழக்கத்தை என்னோடு நிறுத்திக் கொள்கிறேன்.

அப்பாவிடம் இருந்து எடுத்துக் கொண்டது இன்னொன்றும் உண்டு. விரால் சிவப்புக் குஞ்சுகளோடு திரிந்தால் அந்தப் பக்கம் தூண்டில் போடாதே என்பார். குஞ்சைக் காப்பாற்ற எதன் மேலும் பாயும், சுலபமாக மாட்டும். அது மீன் பிடிப்பதில் சேர்த்தியில்லை என்பார். போன மாதம் பாசிக்கு நடுவில் செக்கச் சிவந்த கூட்டம் ஒன்றைப் பார்த்தோம். பையன் என் முகத்தைப் பார்த்தான். தாத்தா சொன்னதைச் சொன்னேன். தவளையைப் பெட்டியில் வைத்து மூடி விட்டு, கரையில் உட்கார்ந்து லுச்சியும் ஆலூர் தம்மும் சாப்பிட்டோம். தாதா வீட்டில் கட்டிக் கொடுத்தது.

இது வரைக்கும் எங்கள் தவளைக்கு மாட்டிய விரால் எண்ணிக்கை: ஒன்று. அதையும் விட்டு விட்டோம். அப்பாவிடம் அதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

பி.கு: உங்கள் வீட்டில் பழைய வீச்சுவலையோ தூண்டில் பெட்டியோ இருந்தால், பிள்ளைகள் குண்டை எடுத்து விளையாடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். பாட்டி வீட்டு ஈயச்சொம்பு இருந்தால், வெறும் சொம்பை அடுப்பில் வைத்து விட்டுப் போன் பேசப் போகாதீர்கள். 232 டிகிரிதான், உருகி விடும். அனுபவம்!